பழைய விண்டோஸில் புதிய மென்பொருள்: எங்கே அறுகிறது, எதை ஒட்டலாம்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்தது. அதற்கு ஐந்தே முக்கால் ஆண்டுகள் முன்னரே, 2020 ஜனவரி 14 அன்று, விண்டோஸ் 7இன் கதை முடிந்திருந்தது. ஆனாலும் யாங்கோன், மோல்மீன், தட்டோன் என்று பர்மாத் தமிழர் வாழும் ஊர்களில், சிறு டிடிபி கடையிலோ கடைக் கணக்குக்கோ ஒரு விண்டோஸ் 7 பெட்டி ஓடிக்கொண்டிருப்பது அதிசயமில்லை. பிரிண்டர் அதோடுதான் பேசும். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் அதில்தான் பழகியிருக்கும். புதிய கணினி வாங்கக் காசு வேண்டும்.

அந்தப் பெட்டியில் ஒரு நாள் உலாவி "பாதுகாப்பற்ற தளம்" என்கிறது. இன்னொரு நாள் புதிதாக இறக்கிய மென்பொருள் திறக்க மறுக்கிறது. பார்ப்பவர் எல்லாவற்றையும் சேர்த்து "விண்டோஸ் பழசாகிவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். உண்மையில் இவை வெவ்வேறு கோளாறுகள். காரணமும் மருந்தும் தனித்தனி. சிலவற்றைப் பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். ஒன்றை மட்டும் எவராலும் சரிசெய்ய முடியாது. எது எந்த வகை என்று பிரித்தறிவதே பாதி வேலை.

ஆதரவு முடிவது என்றால் என்ன

இயங்குதளம் அந்தத் தேதியில் நின்றுபோவதில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு மைக்ரோசாஃப்ட் ஒட்டுப் போடுவது நிற்கிறது, அவ்வளவுதான். விண்டோஸ் 7க்குப் பணம் கட்டிய நிறுவனங்களுக்கு மட்டும் 2023 ஜனவரி 10 வரை ஒட்டுகள் கிடைத்தன.

அடுத்து நடப்பதுதான் பயனரைத் தொடுகிறது. மைக்ரோசாஃப்ட் கைவிட்டதும் மற்றவர்களும் வரிசையாகக் கைவிடுகிறார்கள். விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிக் குரோம் 109ஆம் பதிப்பு. 2023 பிப்ரவரியில் வந்த 110க்கு விண்டோஸ் 10 வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் 3.8தான் கடைசி. பல அரட்டைச் செயலிகளுக்கு அடித்தளமான எலக்ட்ரானில் 22. கோ மொழி 1.21இலும் ரஸ்ட் மொழி 1.78இலும் விண்டோஸ் 10ஐக் குறைந்தபட்சமாக்கின. இந்த மொழிகளின் பெயரே கேள்விப்படாதவரையும் இது பாதிக்கும். அவற்றில் எழுதிய சின்னச் சின்னக் கருவிகள், எழுதியவர் வேண்டுமென்றே கைவிடாமலே, விண்டோஸ் 7இல் ஓடாமல் போகின்றன.

திறக்க மறுக்கும் மென்பொருள்: பிழைச் செய்தியைப் படியுங்கள்

ஒரு மென்பொருள் கோப்பைத் திறக்க, நேரத்தைக் கேட்க, திரையில் வரைய எல்லாவற்றுக்கும் இயங்குதளத்தின் செயற்கூறுகளை அழைக்கிறது. அவை டிஎல்எல் கோப்புகளில் இருக்கின்றன. விண்டோஸின் ஒவ்வொரு பதிப்பிலும் புதிய செயற்கூறுகள் சேர்கின்றன. பழையதில் அவை இருக்காது. பிழைச் செய்தியின் வாசகம் சிக்கல் எந்த இடத்தில் என்று சொல்லிவிடும்:

1. "சரியான வின்32 பயன்பாடு அல்ல" என்று வந்தால் இரண்டில் ஒன்று. 64-பிட் மென்பொருளை 32-பிட் விண்டோஸில் திறக்கிறீர்கள். அல்லது மென்பொருளின் தலைப்பகுதியிலேயே "குறைந்தது விண்டோஸ் 10" என்று எழுதியிருக்கிறது. முதல் வகைக்கு 32-பிட் பதிப்பைத் தேடி இறக்கினால் போதும்.

2. "ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி" என்று தொடங்கும் டிஎல்எல் காணவில்லை என்றால் மகிழ்ச்சி அடையலாம். சி மொழியின் இயக்கநேர நூலகம்தான் இல்லை. கேபி2999226 என்ற மைக்ரோசாஃப்ட் புதுப்பிப்பு அதைத் தருகிறது.

3. "ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்" காணவில்லை என்றால் அது விண்டோஸ் 7இல் என்றுமே இருந்ததில்லை. பைத்தான் 3.9ஐப் போட்டுப் பார்த்தவர்கள் இதைக் கண்டிருப்பார்கள்.

4. "கெர்னல்32இல் இன்ன செயற்கூறு கிடைக்கவில்லை" என்று வந்தால், அங்கே சொல்லும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். "கெட் சிஸ்டம் டைம் ப்ரிசைஸ் ஆஸ் ஃபைல் டைம்" அடிக்கடி வரும் ஒன்று. நேரத்தை நுட்பமாகக் கேட்கும் இந்தச் செயற்கூறு விண்டோஸ் 8இல்தான் பிறந்தது.

5. டிரைவரோ புதுப்பிப்போ "கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை" என்றால், எஸ்எச்ஏ-2 முறையில் இட்ட கையொப்பத்தை உங்கள் விண்டோஸுக்குப் படிக்கத் தெரியவில்லை. இதற்குத் தீர்வு கீழே உள்ள புதுப்பிப்பு வரிசையில் இருக்கிறது.

மூன்றாவதும் நான்காவதும் வரும்போது பலர் செய்யும் காரியம், டிஎல்எல் தரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து கோப்பை இறக்கி சிஸ்டம்32 கோப்புறையில் போடுவது. செய்யாதீர்கள். விண்டோஸ் 10இன் கெர்னல்32ஐ விண்டோஸ் 7இல் வைத்தால் கணினி எழும்பவே எழும்பாது. கோப்போடு வைரஸும் வந்தால் அது தனிக்கணக்கு.

இந்த இரண்டுக்கும் நேர்மையான வழி, விஎக்ஸ்கெக்ஸ் என்ற இலவசத் திறமூலக் கருவி. இல்லாத செயற்கூறுகளுக்கு மாற்றாகத் தன் சொந்த டிஎல்எல்களை வைத்திருந்து, மென்பொருளின் அழைப்பை அவற்றுக்குத் திருப்பிவிடுகிறது. விண்டோஸின் கோப்புகளைத் தொடுவதில்லை. நிறுவியபின் மென்பொருளின் மீது வலச்சொடுக்கி, பண்புகளில் அதன் தாவலைத் திறந்து ஒரு பெட்டியில் குறியிட்டால் போதும். மென்பொருள் வாரியாகத்தான் இயங்கும் என்பது இதன் நல்ல குணம். டிரைவர்கள், ஆன்டிவைரஸ், ஏமாற்றுத் தடுப்பு உள்ள விளையாட்டுகள் ஆகியவற்றுக்கு இதை நம்பக்கூடாது. பணம் புழங்கும் எதற்கும் கூடாது.

இணையம் மறுப்பது: மூன்று காரணங்கள்

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்டு போய் வரும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் "இன்ன தேதியிலிருந்து செல்லும்" என்று சொல்லும். உங்கள் கணினி இன்னும் அந்தத் தேதிக்கு வரவில்லை என்று நினைக்கும். எல்லாத் தளமும் பிழை காட்டும். கரண்டு அடிக்கடி போகும் ஊரில் இந்தக் கோளாறுக்குத்தான் முதலிடம். விலை மிகக் குறைந்த பேட்டரியை மாற்றியபின் நேர மண்டலத்தையும் பாருங்கள்: பர்மாவுக்கு +6:30. பாங்காக்கின் +7இல் விட்டுவிட்டுக் கடிகார முள்ளை மட்டும் கையால் திருத்தினால், கணினியின் உள்நேரம் அரை மணி பிசகும். கணினியிலேயே உருவாக்கும் இருபடிச் சரிபார்ப்பு எண்கள் அப்போது ஏற்கப்படா.

இரண்டாவது, மூலச் சான்றிதழ்கள். ஒரு தளத்தின் சான்றிதழை நம்ப, அதற்கு மேலே உள்ள மூலச் சான்றிதழ் கணினியில் இருக்க வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் வழங்கும் இலவசச் சான்றிதழ்கள் பழைய கருவிகளில் சார்ந்திருந்த ஒரு மூலம் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புதுப்பிப்பே பெறாத கணினிகள் அன்றைக்கு ஆயிரக்கணக்கான தளங்களை நம்ப மறுத்தன. விண்டோஸ் தன் மூலப் பட்டியலைத் தானே இணையத்திலிருந்து புதுப்பிக்கும். "வேகம் கூட்டும்" கருவிகளால் அதை அணைத்து வைத்தவர்களுக்கே தொல்லை.

மூன்றாவது, டிஎல்எஸ் எனும் மறையாக்க நெறி. இன்றைய தளங்கள் 1.2 அல்லது 1.3 கேட்கும். விண்டோஸ் 7க்கு 1.2 தெரியும், ஆனால் பல மென்பொருள்களுக்கு இயல்பாகத் தராது, 1.3 தெரியவே தெரியாது. பயர்பாக்ஸும் குரோமும் இதற்கு விண்டோஸை நம்பாமல் தங்கள் சொந்த நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. உலாவியில் ஜிமெயில் திறக்க, அவுட்லுக் 2010 மட்டும் இணைய மறுக்கும் விசித்திரத்துக்கு இதுதான் காரணம்.

விண்டோஸ் 7ஐ நிமிர்த்தும் வரிசை

புதிதாகப் போட்ட விண்டோஸ் 7, தானியங்கிப் புதுப்பிப்பில் 80072இஎஃப்இ போன்ற எண்ணைக் காட்டி நிற்கும். மைக்ரோசாஃப்ட் 2020இல் பழைய எஸ்எச்ஏ-1 வழிகளை மூடிவிட்டதால், புதிய கையொப்பம் தெரியாத கணினி வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் புதுப்பிப்புப் பட்டியல் தளத்திலிருந்து கோப்புகளை இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து, கீழ்க்கண்ட வரிசையில் போட வேண்டும். இடையில் கேட்கும்போதெல்லாம் மறுதொடக்கம் செய்யுங்கள்.

தொடங்குமுன் ஒன்று: கன்ட்ரோல் பேனலில் உள்ள காப்பு வசதியால் முழு வட்டின் பிம்பத்தை வெளி ஹார்டுடிஸ்கில் எடுங்கள்; பழுதுபார்ப்பு சிடியும் எழுதிக்கொள்ளுங்கள். பிரிண்டர் டிரைவரின் மூலக் கோப்பு தொலைந்துபோன கடைக்கு இந்தப் பிம்பம்தான் உயிர்.

1. சர்வீஸ் பேக் 1, அதாவது கேபி976932. ஏற்கெனவே இருந்தால் பதிப்பு எண் 7601 என்று காட்டும்.
2. கேபி3020369. அடுத்ததைப் போடுவதற்கான முன்தேவை.
3. கேபி3125574. 2016 வரையிலான பெரும்பாலான ஒட்டுகளின் மூட்டை. 64-பிட் கோப்பு அரை ஜிபிக்குச் சற்றுக் குறைவு. கைப்பேசி டேட்டாவில் இறக்குபவர்கள் கணக்கில் வைக்கவும்.
4. கேபி4490628, பிறகு கேபி4474419. எஸ்எச்ஏ-2 கையொப்பம் படிக்கத் தெரிவது இவற்றுக்குப் பிறகுதான்.
5. கேபி4534310. 2020 ஜனவரி 14இல் வந்த கடைசி இலவச மாதத் தொகுப்பு. இதைப் போட்டால் சிலருக்கு மேசைப் படம் கறுத்துப்போகும். கேபி4539601 அதைத் திருத்துகிறது.
6. கேபி2999226, பல மென்பொருள்கள் கேட்கும் மைக்ரோசாஃப்ட் நூலகமான டாட்நெட் 4.8. விண்டோஸ் 7க்கு டாட்நெட்டில் 4.8தான் கடைசி, 4.8.1 ஓடாது.

ஐந்தாவது படி "இக்கணினிக்குப் பொருந்தாது" என்றால் நான்காவது படியின் இரண்டும் உட்காரவில்லை, அல்லது 32-பிட்டும் 64-பிட்டும் மாறிப்போயின. சில வலைப்பக்கங்கள் கேபி2533623ஐத் தேடச் சொல்லும். அது திரும்பப் பெறப்பட்டது. அதன் இடத்தில் கேபி3063858 இருக்கிறது.

அவுட்லுக் போன்றவற்றுக்கு டிஎல்எஸ் 1.2ஐத் திறந்துவிட, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின் பகுதியின் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட் வெர்ஷன், இன்டர்நெட் செட்டிங்ஸ், வின்எச்டிடிபி என்ற பாதையில் "டிஃபால்ட் செக்யூர் புரோட்டோகால்ஸ்" என்ற டிவேர்டு மதிப்பை உருவாக்கி, பதின்ம எண்ணாக 2560 இடுங்கள். 64-பிட் விண்டோஸில் வாவ்6432நோடு கிளையிலும் அதையே செய்ய வேண்டும். அதை மறந்தால் 32-பிட் மென்பொருள்களுக்கு மாற்றம் எட்டாது.

உலாவியும் ஆபீஸும்

உலாவிக்கு என் முதல் தேர்வு பயர்பாக்ஸ் 115இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 2023 ஜூலையில் வந்த அதை மொசில்லா விண்டோஸ் 7, 8, 8.1க்காகவும் சில பழைய மேக் பதிப்புகளுக்காகவும் பலமுறை நீட்டித்தது. அதிலும் கடைசி உட்பதிப்பே வேண்டும். 115.13க்கு முந்தையவற்றில் இருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2025 மார்ச் 14 அன்று முடிந்ததால், துணைநிரல்கள் வேலை செய்யாமல் போயின. குரோம் போன்றது வேண்டும் என்பவர்களுக்கு சூப்பர்மியம் இருக்கிறது; குரோமின் திறமூல அடித்தளமான குரோமியத்தை விண்டோஸ் எக்ஸ்பி வரை பின்னோக்கிக் கொண்டுபோகும் முயற்சி. சிறு குழுவின் உழைப்பு என்பதால் படிக்க, படம் பார்க்க வைத்துக்கொள்ளலாம். கடவுச்சொற்களை அதில் சேமிக்க நான் சொல்லமாட்டேன்.

லிபர் ஆபீஸில் 25.2 வரிசைதான் விண்டோஸ் 7க்குக் கடைசி, 25.8 ஓடாது. விஎல்சி 3 வரிசை எக்ஸ்பியிலும் ஓடுகிறது, அதனால் படம், பாட்டுக்குக் கவலை இல்லை. ரேம் 2 ஜிபியாக இருந்தால் இவை எல்லாம் திணறும். 32-பிட் விண்டோஸில் 4 ஜிபி போட்டாலும் மூன்றேகால் அளவுதான் கிடைக்கும் என்றாலும், போடுவது வீண் இல்லை. சாட்டா எஸ்எஸ்டி எந்தச் சிக்கலும் இன்றி உட்காரும். என்விஎம்இ வகைக்கும் யுஎஸ்பி 3க்கும் விண்டோஸ் 7இல் டிரைவர் உள்ளேயே இல்லை.

பர்மிய எழுத்து, தமிழ் எழுத்து

தமிழும் பர்மியமும் ஒரே அழைப்பிதழில் வரும் கடைகளில் அதிகக் குழப்பம் இங்கேதான்.

தமிழைப் பொறுத்தவரை விண்டோஸ் 7 முழுத் தகுதியோடு வந்தது: லதா, விஜயா என்ற எழுத்துருக்களும் உண்டு, எழுத்தைக் கோக்கும் இயந்திரமும் (எழுத்துகளைத் திரையில் சரியாக அடுக்கும் மென்பொருள் பகுதி) உண்டு. தட்டச்சுக்கு என்எச்எம் ரைட்டரோ இ-கலப்பையோ போதும். எக்ஸ்பியில் மட்டும் மொழி அமைப்பில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் குறியிட வேண்டும், மூலச் சிடியும் கேட்கும்.

பர்மிய எழுத்து விண்டோஸுக்குள் வந்தது விண்டோஸ் 8இல், மியன்மார் டெக்ஸ்ட் எழுத்துருவோடு. அதுவரை இருந்த வெற்றிடத்தை நிரப்பியதுதான் ஜோஜி என்ற பர்மிய எழுத்துரு. தமிழில் "கெ" எழுதும்போது கொம்பு ககரத்துக்கு முன்னால் தெரிந்தாலும், ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் ஒதுக்கும் உலகப் பொதுமுறையான யூனிகோடில் அதற்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் முன்னால் தள்ளுவது கோக்கும் இயந்திரத்தின் வேலை. பர்மியத்திலும் அப்படி ஒரு முன்கொம்பு உண்டு. ஜோஜி அதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தது. ஒரே எழுத்தின் பல வடிவங்களுக்குத் தனித்தனி எண்ணும் கொடுத்தது. இயந்திரமே தேவைப்படாததால் எக்ஸ்பியிலும் ஓடியது, நாடு முழுக்கப் பரவியது. தொல்லை என்னவென்றால், யூனிகோடு பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே எண்களை வேறு பொருளில் பயன்படுத்தியது. 2019 அக்டோபர் 1 முதல் நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. பழைய கணினியில் இதன் விளைவுகள்:

1. ஜோஜி எழுத்துரு மட்டும் உள்ள கணினியில் இன்றைய பர்மியப் பக்கங்கள் குலைந்து தெரியும். வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் செய்ய வேண்டாம். படவுக் அல்லது பியிடவுன்ஸு எழுத்துருவைப் போட்டு, உலாவியின் இயல்பு எழுத்துருவாக ஜோஜி இருந்தால் மாற்றுங்கள்.

2. பயர்பாக்ஸ், குரோம், லிபர் ஆபீஸ் 5.3க்குப் பிந்தையவை ஹார்ஃப்பஸ் என்ற தங்கள் சொந்தக் கோக்கும் இயந்திரத்தைக் கொண்டவை. எழுத்துரு இருந்தால் போதும், விண்டோஸ் 7இலும் பர்மிய யூனிகோடு சரியாக வரும். நோட்பேடு போன்றவை விண்டோஸைச் சார்ந்தவை. அவற்றில் எழுத்துருவைப் பொறுத்து வரும், வராது.

3. பேஜ்மேக்கர் 7ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, யூனிகோடே தெரியாது. கைப்பேசியில் வந்த தமிழை அதில் ஒட்டினால் கேள்விக்குறிகள்தான் விழும். யூனிகோடைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு முறைக்கு மாற்றும் கருவியில் மாற்றித்தான் ஒட்ட வேண்டும். பர்மியம் யூனிகோடில் வேண்டும் என்றால் அந்தப் பக்கத்தை லிபர் ஆபீஸில் அமைத்து, எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆக எடுப்பதே குறைந்த தலைவலி.

ஒட்டுப்போட முடியாத ஓட்டை

இதுவரை சொன்னவை எல்லாம் மென்பொருளை ஓடவைக்கும் வழிகள். 2020 ஜனவரிக்குப் பின் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அப்படியே திறந்திருக்கின்றன. எந்த ஆன்டிவைரஸும் அவற்றை மூடாது. 2017 மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே ஒட்டுக் கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். இப்போதோ போடுவதற்கு ஒட்டே இல்லை.

ஆகவே கணினிக்கு என்ன வேலை என்று முதலில் முடிவுசெய்யுங்கள். அச்சுக்கும் கணக்குக்கும் மட்டும் என்றால் இணையக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். எக்ஸ்பியை இந்த நிலையில் மட்டுமே வைத்திருக்கலாம். இணையம் தேவை என்றால்:

1. அன்றாட வேலைக்கு நிர்வாகி அல்லாத சாதாரணக் கணக்கு.
2. தொலை மேசை (ரிமோட் டெஸ்க்டாப்) வசதியை அணைத்தல். ரவுட்டரில் வெளியிலிருந்து எந்த வாசலும் இந்தக் கணினிக்குத் திறக்காதிருத்தல்.
3. கோப்புப் பகிர்வின் எஸ்எம்பி 1 நெறியை அணைத்தல். அலுவலகத்தில் ஒரு எக்ஸ்பியோ பழைய நெட்வொர்க் ஸ்கேனரோ இருந்தால் அதன் இணைப்பு அறும்; யுஎஸ்பி கேபிளுக்கு மாற்றுங்கள்.
4. வாடிக்கையாளர் பென்டிரைவைத் தானாக இயக்கும் வசதியை அணைத்து, கோப்பின் நீட்சிப் பெயர் தெரியும்படி வைத்தல். கோப்புறைபோல் வேடமிடும் குறுக்குவழி வைரஸ் அப்போது காட்டிக்கொடுக்கும்.
5. வங்கி, பணப்பை வேலைகள் கைப்பேசியில் மட்டும்.

கரண்டு பற்றி ஒரு சொல். திடீரென அணையும்போது பாதி எழுதிய கோப்பு கெடுகிறது. டிவைஸ் மேனேஜரில் வட்டின் கொள்கைத் தாவலில் எழுத்துத் தற்காலிகச் சேமிப்பை அணைத்தால் வேகம் குறையும், சேதமும் குறையும். யுபிஎஸ் உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு

இவர்களுக்கு இன்னும் அவசரம் இல்லை. 22எச்2 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பதிந்துகொண்டால் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு ஒட்டுகள் உண்டு. உலாவிகளும் இப்போதைக்குக் கைவிடவில்லை.

விண்டோஸ் 11க்குத் தாவ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வன்பொருளும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். அந்தச் சோதனையைத் தவிர்த்து நிறுவும் தந்திரங்கள் உலவுகின்றன. கோர் 2 டுவோவில் அவை எடுபடாது: 24எச்2 பதிப்பு கேட்கும் பாப்கவுன்ட் என்ற கட்டளை அந்தச் செயலிக்குள்ளேயே இல்லை, அதனால் எழும்பும்போதே நிற்கும். அத்தகைய 64-பிட் கணினிக்கு 4 ஜிபி ரேமோடு லினக்ஸ் மின்ட் பொருந்தும். தமிழும் பர்மியமும் ஹார்ஃப்பஸ் வழியே முதல் நாளே சரியாக வரும். 32-பிட் செயலி என்றால் டெபியன் 12தான். 13இல் அதற்கான நிறுவி இல்லை. எதற்குத் தாவினாலும், பழைய விண்டோஸை அழிக்குமுன் பாமினியிலும் ஜோஜியிலும் அடித்த கோப்புகளை அந்தந்த எழுத்துருவோடு பிடிஎஃப் ஆகவும், மாற்றிய யூனிகோடு உரையாகவும் இரு நகல் எடுத்துவையுங்கள். மாற்றும் கருவி தின்றுவிட்ட எழுத்தைப் பிடிஎஃப்பைப் பார்த்துத்தான் திருத்த முடியும்.